அஞ்சு நகம், ஆறு எழுத்து, ஒரு ஏமாளி

எங்க வீட்டு ஷோகேஸ்ல மேல்தட்டுல ஒரு மஞ்சள் பீங்கான் கிண்ணம் இருக்கு. வெளிப்பக்கத்துல ரெண்டு பச்சை டிராகன், நெருப்பு சூழ்ந்த ஒரு முத்தைத் துரத்திக்கிட்டு சுத்திச் சுத்தி ஓடுது. அடியில நீல மையில ஆறு சீன எழுத்து. கிட்டத்தட்ட பத்து வருஷம் இந்தக் கிண்ணம் ஒரு பழைய துண்டுக்குள்ள சுருண்டு பரண்ல கிடந்தது. காரணம் வேற ஒண்ணுமில்ல, வெட்கம். வாங்கின எனக்குத்தான், கிண்ணத்துக்கு இல்ல :-)

2007-ல ஆணி புடுங்குறதுக்காக ஹாங்காங் போயிருந்தேன். ஞாயித்துக்கிழமை சும்மா இருக்க முடியாம ஹாலிவுட் ரோடு பக்கம் நடந்தேன். பழைய சாமான் கடைகள் வரிசையா இருக்குற தெரு. பக்கத்துச் சந்துக்குப் பூனைத் தெருன்னே செல்லப் பேர். ஒரு கடையில இந்தக் கிண்ணத்தைப் பார்த்தேன். கடைக்காரர் தலைகீழா கவுத்து அந்த ஆறு எழுத்தைக் காட்டினார். "மகா சிங் வம்சம், காங்ஸி ஆண்டுகளில் செய்யப்பட்டது"ன்னு படிச்சார். அப்புறம் டிராகனோட கால்ல நகத்தை ஒவ்வொண்ணா எண்ணிக் காட்டினார். அஞ்சு. "அஞ்சு நகம் பேரரசருக்கு மட்டும்தான் சார்"ன்னு குரலைத் தாழ்த்திச் சொன்னார். முன்னூறு வருஷத்துப் பேரரசர் கிண்ணம், 1,800 ஹாங்காங் டாலருக்கு! அன்னிக்கு நம்ம காசுல ஒன்பதாயிரத்துச் சொச்சம். இவ்வளவு மலிவா ஏன் குடுக்குறார்னு என் மண்டைக்கு ஏன் உறைக்கலைன்னு கேக்காதீங்க. தங்கமணி இன்னிக்கும் அதைத்தான் கேக்குறாங்க.

நாலு நாள் கழிச்சு ஆபீஸ் நண்பர் ஒருத்தர், பழம்பீங்கான் வியாபாரம் பண்ற தன்னோட மாமாகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போனார். பெரியவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்ல. நேரா அடிவளையத்தைத் தடவிப் பார்த்தார். விளக்குக்குக் கீழ சாய்ச்சார். அரை நிமிஷம்தான். "பழைய கிண்ணத்துல கீறல் எல்லாத் திசையிலயும் இருக்கும். இதுல எல்லாம் ஒரே திசை, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. பளபளப்பை அமிலத்துல மழுக்கியிருக்காங்க. ஜிங்டெஜென் வேலைதான், சந்தேகமில்ல. ஆனா போன வருஷத்து வேலை"ன்னார். சொல்லிட்டு டீ ஊத்திக் குடுத்தார். அந்த டீ தொண்டையில இறங்கல.

அன்னிக்குத் துண்டுல சுத்தினதுதான். அப்புறம் விவரம் தெரிஞ்சிக்கணும்னு கொஞ்சம் கொஞ்சமா படிக்க ஆரம்பிச்சேன். ஏமாந்தவன் படிக்குற மாதிரி வேற யாரும் படிக்க மாட்டாங்க மக்களே. படிக்கப் படிக்க, நான் எதைக் கேவலம்னு நினைச்சேனோ அதைப் பத்தியே கருத்து மாறிப்போச்சு. இந்தப் பதிவு அதுக்குத்தான்.

மொதல்ல அந்த மஞ்சள்-பச்சை சமாச்சாரம். சிங் வம்ச அரண்மனையில, யார் எந்தக் கிண்ணத்துல சாப்பிடணும்ங்கறதுக்கே சட்டம் இருந்தது. சியான்லோங் பேரரசர் (ஆட்சி 1736-1795) தொகுக்கச் சொன்ன அரண்மனை விதிப் புத்தகத்துல அந்தப் பட்டியல் இருக்கு. பட்டத்து ராணிக்கு உள்ளும் புறமும் முழு மஞ்சள். அடுத்த படியில இருக்குற அரசிக்கு வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை. அதுக்குக் கீழ இருந்த ரெண்டு படி மனைவியருக்கு மஞ்சள் தரையில பச்சை டிராகன். அடுத்த படிக்கு நீலத் தரையில மஞ்சள் டிராகன். அதுக்கும் கீழே பச்சைத் தரையில ஊதா டிராகன். இன்னும் கீழே போனா பலவண்ணத்துல சிவப்பு டிராகன். ஒரு பொம்பளையோட அந்தஸ்து என்னன்னு தெரிஞ்சிக்க அவ முகத்தைப் பார்க்க வேணாம், கிண்ணத்தைப் பார்த்தா போதும். ராஜா மனசு மாறினா கிண்ணத்தோட கலரும் மாறும். அழகான பொருள்தான், ஆனா எவ்வளவு கொடுமையான அழகு பாருங்க.

இதைச் செய்யுறது எப்படின்னு தெரிஞ்சப்போதான் அசந்துபோனேன். ஜியாங்ஸி மாகாணத்துல ஜிங்டெஜென்னு ஒரு ஊர். பக்கத்துல காவோலிங்னு ஒரு மலை. 'கயோலின்' களிமண்ணுக்குப் பேரே அந்த மலையில இருந்து வந்ததுதான். அந்த மண்ணையும் பீங்கான் கல்லையும் சேர்த்து வனைஞ்சு, மண் ஈரம் காயறதுக்குள்ள டிராகனோட கோட்டைக் கத்தி முனையால கீறணும். அடியில நீலத்துல எழுத்தை எழுதணும். மேல கண்ணாடிப் பூச்சு பூசி 1,300 டிகிரி பக்கத்துல சுடணும். அப்புறம்தான் எனாமல் வேலை. கண்ணாடித் தூள்ல செம்பு சேர்த்தா பச்சை, இரும்பு சேர்த்தா மஞ்சள், மாங்கனீசு சேர்த்தா ஊதா. கீறின கோட்டுக்குள்ள பச்சை, வெளியே மஞ்சள்னு நிரப்பி, சின்ன சூளையில 800 டிகிரி பக்கத்துல மறுபடி சுடணும். மொத சூட்டுல தப்பிச்ச கிண்ணம் ரெண்டாவது சூட்டுல போகலாம். பூசும்போது ஒரு கலர், வெந்து வரும்போது வேற கலர். கையில இருக்குறப்போ அது என்ன ஆகும்னு தெரியாமயே தீட்டணும்.

இதுல ஒருத்தர் கை எவ்வளவு? அங்கேதான் விஷயம் இருக்கு. தான்தர்கோல்னு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் ஜிங்டெஜென் பீங்கான் பத்தி 1712-லயும் 1722-லயும் ரெண்டு நீளமான கடிதம் எழுதினார். ஒரு பாத்திரம் எழுபது பேர் கை மாறித்தான் முடியுதுன்னு அங்க பேசிக்கிறாங்கன்னு எழுதியிருக்கார். விளிம்புல வளையம் போடுறவர் ஒருத்தர், பூ வரையுறவர் ஒருத்தர், மலையும் தண்ணியும் ஒருத்தர், பறவையும் மிருகமும் இன்னொருத்தர். அரசாங்கச் சூளைகளை மேற்பார்த்த டாங் யிங்ங்கற அதிகாரி 1743-ல இன்னும் தெளிவா சொல்றார்: கோடு போடுறவங்க கோடு மட்டும்தான் கத்துக்கணும், கலர் நிரப்புறவங்க கலர் மட்டும்தான். அப்போதான் நூத்துக்கணக்கான பாத்திரமும் ஒரே மாதிரி வரும், மனசும் சிதறாது.

எழுபது கை. அடியில ஒரு பேர். அந்தப் பேரும் களிமண்ணைத் தொட்டே பார்க்காத ராஜாவோட பேர்!

சரி, அந்தப் பேராவது உண்மையான்னு பார்த்தா, அதுவும் இல்ல. 1677-ல அந்தப் பகுதி அதிகாரி ஒருத்தர், பாத்திரத்துல ராஜா பேர் எழுதவே கூடாதுன்னு தடை போட்டார். உடைஞ்சு குப்பைக்குப் போனா ராஜா பேரைக் கால்ல மிதிப்பாங்களே, அது அவமரியாதையாம். அந்தக் காலத்துப் பாத்திரம் பலதுல, பேர் எழுதற இடத்துல வெறும் ரெட்டை வட்டம் மட்டும் இருக்கும். இன்னும் சிலதுல ரெண்டு நூற்றாண்டு முந்தின செங்ஹுவா (1465-1487) பேரரசர் பேர் இருக்கும். அது ஏமாத்து வேலைன்னு சொல்லிட முடியாது. முன்னோர் வேலைக்கு மரியாதை, 'அந்தத் தரத்துக்குச் செஞ்சிருக்கேன்'னு ஒரு பெருமை, ரெண்டும் அதுல உண்டு. பின்னால வந்தவங்க காங்ஸி பேரையும் சியான்லோங் பேரையும் அதே மாதிரி எழுதினாங்க. ஆக, ஆறு எழுத்து காலத்துக்குச் சாட்சி இல்ல.

அஞ்சு நகமாச்சும் சாட்சியா? கடைக்காரர் குரல் தாழ்த்திச் சொன்னாரே, அது. இதைக் கேளுங்க. அரசுச் சூளையில பழுதான பாத்திரங்களை உள்ளூர்ல வித்துடலாம்னு சியான்லோங் சொன்னப்போ, டாங் யிங் தயங்கினார். மஞ்சள் பாத்திரமும் அஞ்சு நக டிராகன் போட்டதும் ஜனங்க கைக்குப் போறது சரியில்லையேன்னு 1743-ல விண்ணப்பம் எழுதினார். ராஜாவோட பதில் ரெண்டே வரிதான். மஞ்சள் விஷயத்துல நீ சொல்றபடியே ஆகட்டும். அஞ்சு நகம் வெளியிலயே சகஜமா இருக்கு, முன்னாடி முடிவு பண்ணபடி வித்துடு. பேரரசருக்கு மட்டும்னு நான் காசு குடுத்து நம்பின விஷயத்தை, அந்தப் பேரரசரே அன்னிக்குக் கண்டுக்கல!

இப்போ பெரிய இடத்துக் கதை ஒண்ணு. 2022 அக்டோபர்ல பாரிஸுக்குப் பக்கத்துல ஃபொந்தேன்ப்ளோ ஊர்ல ஒரு ஏலம். 54 சென்டிமீட்டர் உயர ஜாடி, உருண்டை வயிறு, நீல-வெள்ளைப் பாணியில டிராகனும் மேகமும். ஏலத்துக்கு மதிப்புப் போட்ட நிபுணர், இது 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு, 1,500-லிருந்து 2,000 யூரோ போகும்னார். ஏலம் கேட்டவங்க 18-ஆம் நூற்றாண்டுன்னு நம்பினாங்க. சுத்தியல் விழுந்தது 77 லட்சம் யூரோவுல. கமிஷன் எல்லாம் சேர்த்து 91 லட்சத்துக்கு மேல. நிபுணர் அப்பவும் தன் கருத்தை மாத்திக்கல.

நான் இங்க யார் சொன்னது சரின்னு தீர்ப்பு சொல்ல வரல. காலையில இருந்த அதே டிராகன்தான் சாயங்காலமும் இருந்தது. அதோட மீசை ஒரு இழைகூட வளரல. 2,000-க்கும் 77 லட்சத்துக்கும் நடுவுல இருக்குற பணம் முழுக்க, தீட்டின கைக்கு இல்ல, யார் காலத்துலங்கற நம்பிக்கைக்கு. அந்தப் பணத்துல தீட்டினவர் பரம்பரைக்குச் சல்லிக்காசு கிடையாது. அவர் பேரே தெரியாதே, யாருக்குக் குடுக்க?

"அப்போ போலிக்கு வக்காலத்து வாங்குறியா?"ன்னு நண்பர் ஒருத்தர் போன்ல எகிறினார். இல்லவே இல்ல சாமி. பழைய கிண்ணத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, அதைப் புதுக் கிண்ணம் தர முடியாது. அரண்மனையில ஒரு படி கீழ தள்ளப்பட்ட ஒருத்தியோட கிண்ணம் அது. அவளைப் பத்தி மிஞ்சியிருக்குற ஒரே சாட்சியாக்கூட இருக்கலாம். காலம் பொய்யானா சரித்திரமே பொய்யாப் போயிடும். அதனால அருங்காட்சியகத்துக்காரங்க அடிவளையத்தைப் பூதக்கண்ணாடி வச்சுப் பார்க்குறது நியாயம்தான், அவசியமும்கூட.

ஆனா செய்யுறதையும் ஏமாத்துறதையும் பிரிச்சுப் பார்க்கணும்ங்கறதுதான் என் கட்சி. ஜிங்டெஜென்ல பழைய மாதிரியைப் பார்த்துப் புதுசா செய்யுறது பல நூற்றாண்டா நடக்குற தொழில். யோங்செங் காலத்து (1723-1735) அரசுச் சூளையே செங்ஹுவா பாத்திரங்களைப் பார்த்துச் செஞ்சது. கத்துக்குறதே அப்படித்தான். பொய் எங்க ஆரம்பிக்குதுன்னா, உப்புத்தாளைக் கையில எடுக்குறப்போ. அதுவும் புதுசில்ல. அதே தான்தர்கோல் பாதிரியார் 1712-லயே எழுதியிருக்கார்: புதுப் பாத்திரத்தைக் கொழுப்பு மிதக்குற கோழிச் சாறுல போட்டு, மறுபடி வேகவச்சு, சாக்கடையில ஒரு மாசத்துக்கு மேல ஊறப்போட்டு, முன்னூறு நானூறு வருஷத்துப் பழசுன்னு சொல்லிடுவாங்களாம். அப்படிச் செஞ்சு மேலதிகாரிகளுக்குப் பரிசா அனுப்பினவர் அவருக்கு நட்பா இருந்த ஒரு அதிகாரியேதான். சிக்கன் சூப்புல ஊறின சரித்திரம்! உப்புத்தாள் கொஞ்சம் சைவம், அவ்வளவுதான் வித்தியாசம் :-)

என் கிண்ணத்துக்கு வருவோம். அதைத் தீட்டினவர் என்னை ஏமாத்தல. அவர் ஒரு மஞ்சள் கிண்ணம் செஞ்சார், நல்லாவே செஞ்சார். தேய்ச்சவர் ஒருத்தர், கதை சொன்னவர் ஒருத்தர். மூணாவது ஆள் நான். முன்னூறு வருஷத்துப் பொக்கிஷத்தை ஒன்பதாயிரத்துக்கு அமுக்கிடலாம்னு நினைச்சேனே, அந்தக் கடைக்காரருக்கு விவரம் தெரியலன்னு உள்ளுக்குள்ள சிரிச்சேனே... நான் அவரை ஏமாத்தப் பார்த்தேன், அவர் முந்திக்கிட்டார். இதை ஒத்துக்க எனக்குப் பத்து வருஷம் ஆச்சு.

கடைசியா ஒரு கதை. என் மனசை மாத்தினது இதுதான். மிங் வம்சத்துல வான்லி பேரரசர் காலம், 1599 வாக்குல. டிராகன் போட்ட பெரிய பெரிய தொட்டிகள் வேணும்னு அரண்மனை உத்தரவு. அவ்வளவு பெரிசு சூளையில நிக்காது. சுடச் சுட விரியும், சாயும், உடையும். மேற்பார்க்க வந்த அரண்மனை அலி அதிகாரி பான் ஷியாங், தொழிலாளிகளை அடிச்சும் பட்டினி போட்டும் வேலை வாங்கினான். கண்ணால பார்த்துத் தாங்க முடியாம டோங் பின்ங்கற தொழிலாளி எரியுற சூளையில குதிச்சுட்டார். மறுநாள் சூளையைத் திறந்தா தொட்டி நல்லபடியா வந்திருந்ததுன்னு சொல்லுவாங்க. ஊர்க்காரங்க அவருக்குக் கோயில் கட்டி, காத்துக்கும் நெருப்புக்கும் தெய்வமாக் கும்பிட ஆரம்பிச்சாங்க.

நூத்திச் சொச்சம் வருஷம் கழிச்சு, மேல சொன்ன டாங் யிங் அந்த ஊருக்கு வர்றார், 1728-ல. பீங்கான் பத்தி அவருக்கு அப்போ ஒண்ணும் தெரியாது. கதவைச் சாத்திக்கிட்டு, தொழிலாளிகளோடவே சாப்பிட்டுத் தூங்கி, மூணு வருஷம் தொழில் கத்துக்கிட்டார். அப்போ ஒரு கோயில் மூலையில பழுதான பழைய டிராகன் தொட்டி ஒண்ணு கேட்பாரில்லாமக் கிடந்ததைப் பார்த்தார். ஆள் வச்சுத் தூக்கிட்டு வந்து, டோங் பின் கோயில் பக்கத்துல மேடை போட்டு அதை ஏத்தி வச்சார். அவரோட கதையையும் எழுதி வச்சார்.

யோசிச்சுப் பாருங்க. அரண்மனைக்குப் பழுதில்லாத பாத்திரமா பொறுக்கி அனுப்புறதுதான் டாங் யிங்கோட வேலை. சந்தைக் கணக்குல அந்தத் தொட்டி அன்னிக்குக் குப்பை. ஆனா பொருளை எப்படிப் பார்க்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அவர் அதுல தேடினது ராஜா பேரை இல்ல, வெந்த கையை. ஜிங்டெஜென்ல பீங்கான் வேலை செஞ்ச ஆயிரக்கணக்கானவங்கள்ல, பேரோட நம்ம வரைக்கும் வந்து சேர்ந்த ஒருத்தர், சூளையில குதிச்சுத்தான் வந்திருக்கார். அது சரியா? தொழில் செஞ்சதுக்காக ஒருத்தர் பேர் நிக்கணும், செத்ததுக்காக இல்ல.

அதனால என் சிபாரிசு ரொம்பச் சின்னது. பழசைப் பார்த்துச் செய்யட்டும், தாராளமா. அடியில ராஜா பேர்கூட அழகுக்கு இருந்துட்டுப் போகட்டும். பக்கத்துல செஞ்சவங்க பேரையும் வருஷத்தையும் எழுதட்டும். வாங்குற நாமளும் கவுத்துப் பார்த்து 'எந்த ராஜா?'ன்னு மட்டும் கேக்காம 'யார் செஞ்சது?'ன்னும் கேப்போம். அந்தக் கேள்விக்குக் காசு குடுக்க ஆள் இருந்தா, உப்புத்தாளுக்கு வேலை குறையும்.

கிண்ணத்தைப் பரண்ல இருந்து இறக்கினப்போ தங்கமணி, "என்ன, ராஜா வீட்டுச் சாமானுக்கு மறுபடி யோகமா?"ன்னாங்க. கழுவித் துடைச்சுப் பார்த்தேன். ஒரு டிராகனோட முன்னங்கால்ல மூணாவது நகத்துக்கிட்ட பச்சை கோட்டைத் தாண்டி ஒரு நூல் அளவு மஞ்சளுக்குள்ள வழிஞ்சிருக்கு. பத்து வருஷத்துக்கு முன்னாடி பார்த்திருந்தா 'போலிக்காரன், அவசரத்துல பூசியிருக்கான்'னு திட்டியிருப்பேன். பழைய அரண்மனைக் கிண்ணங்கள்லயும் இப்படிக் கோடு தாண்டின பச்சை உண்டுன்னு இப்போ தெரியும். சாயங்காலமாகி வெளிச்சம் போயிருக்கலாம். பக்கத்துல யாராவது கூப்பிட்டிருக்கலாம். எனக்கு இப்போ அந்தக் கிண்ணத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் அந்த நூல் அளவுதான்.

ஒரு துண்டுச் சீட்டுல எழுதி கிண்ணத்துக்கு அடியில வச்சிருக்கேன்: "ஜிங்டெஜென், 2006 வாக்கில். செய்தவர் பெயர் தெரியாது. வாங்கியவர் ஏமாளி."

உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஏதாவது துண்டுல சுத்திக் கிடந்தா வெளியே எடுங்க. பின்னூட்டத்துல சொல்லுங்க, சேர்ந்து அழுவோம்.

டிஸ்கி: ஆர்வக்கோளாறுல யாரும் இந்த மாதிரி கிண்ணத்துல ரசம் ஊத்திச் சாப்பிட்டுடாதீங்க. இந்தப் பழைய முறை எனாமல்ல ஈயம் உண்டு. பார்க்கத்தான் டிராகன், பருக இல்ல.